எட்டுக் கால்களில் மூன்று

எதுக்கண்ணனின் பட்டறைக்கு உடைந்த நாற்காலியோடு போகிறவர்கள், பதில்களையும் தயார் செய்துகொண்டு போவது நல்லது.

“எதுக்கு இது?”

“உட்காரத்தாண்ணே.”

“யாரு உட்காருவா?”

“என் மாமனார்.”

“மெல்ல உட்காருவாரா, தொப்புனு விழுவாரா?”

“அது தெரியலண்ணே. எங்க வீட்டுக்கு வந்த அன்னைக்கு உட்கார்ந்தவரு. நாற்காலி உடைஞ்சப்பதான் முதல் தடவையா எந்திரிச்சாரு.”

இதற்கு யாராக இருந்தாலும் சிரிப்பார்கள். எதுக்கண்ணன் சிரிக்கமாட்டார். சாக்கட்டியை எடுத்து, நாற்காலியின் காலில் ‘தொப்’ என்று எழுதி வைத்துக்கொள்வார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது அடையாள அட்டையில் நிம்மதியாக ஓய்வெடுக்கிறது. எந்த வேலையானாலும் முதல் கேள்வி “எதுக்கு?” என்பதால், தெரு முழுக்க அவர் எதுக்கண்ணன்தான். அவர் மனைவி மட்டும் “ஏங்க” என்பார். கோபம் வந்தால் அவரும் எதுக்கண்ணன் என்றே கூப்பிடுவார்.

அவர் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள, பட்டறைக்குள் எட்டிப் பார்த்தால் போதும். அங்கே மூன்று வெல்டிங் மெஷின்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் மூன்று குணம்.

முதலாவது ராடு மெஷின். பூச்சு பூசிய குச்சியைக் கவ்வியில் மாட்டி இரும்பைத் தொட்டால் எரியும். எரிந்த பூச்சு ஒரு கசடாக மேலே படிந்து வெல்டை மூடிக்கொள்ளும். அதைத் தட்டி உதிர்க்க வேண்டும். சத்தம், புகை, பொறி என்று வீட்டையே ரணகளமாக்கும். ஆனால் துரு பிடித்த இரும்போ, காற்று வீசும் மொட்டை மாடியோ, எங்கே கூப்பிட்டாலும் முகம் சுளிக்காமல் வரும். மெல்லிய தகட்டிடம் மட்டும் அதை அனுப்பக்கூடாது. ஓட்டை போட்டுவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கும்.

இரண்டாவது சிஓடூ. கம்பிச் சுருளிலிருந்து கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும். கூடவே சிலிண்டரிலிருந்து வாயு வந்து, உருகிய இரும்பின்மேல் காற்றுப் படாமல் குடை பிடிக்கும். வேகம், சுத்தம், கசடு கிடையாது. ஒரே ஒரு கஷ்டம், அந்தக் குடை காற்றில் பறந்துவிடும். பறந்தால் வெல்டுக்குள் காற்றுக் குமிழி புகுந்து, வெளியே வெல்டும் உள்ளே தேன்கூடுமாக நிற்கும்.

மூன்றாவது ஆர்கான். ஒரு கையில் சுடர், ஒரு கையில் கம்பி, காலில் மிதிகட்டை. நகை மாதிரி வேலை செய்யும். நகை மாதிரியே நேரமும் எடுக்கும். அதில் வேலை நடக்கும்போது எதுக்கண்ணன் மூச்சு விடுவதுகூட தவணை முறையில்தான்.

மூன்று மெஷின் உள்ளவனுக்கு மூன்று மடங்கு வசதி என்று ஊர் நினைக்கிறது. மூன்று மடங்கு சந்தேகம் என்பது அவருக்கு மட்டும் தெரியும். ஒரு மெஷின் வைத்திருப்பவன் தப்பு செய்தால் மெஷினைச் சொல்லலாம். மூன்று வைத்திருப்பவன் தன்னைத்தான் சொல்ல வேண்டும்.

எனவே வாடிக்கையாளர்கள் அவரிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, வாசலில் இரும்பு அறுத்துக்கொண்டிருக்கும் அவர் மனைவியிடம் பேசுகிறார்கள். வெட்டுவதும் வண்ணம் அடிப்பதும் அவர் துறை. அவர் கட்டிங் வீலை நிறுத்தாமலேயே, “வியாழக்கிழமை வாங்க” என்பார். அவர் சொல்லும் வியாழக்கிழமை உண்மையிலேயே அந்த வாரத்து வியாழக்கிழமை. இந்தத் தொழிலில் அது ஓர் அதிசயம்.

எதுக்கண்ணனுக்கு ஒரு தங்கை. தங்கையின் கணவர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். நல்ல மனிதர், குடிப்பதில்லை, அதிர்ந்து பேசுவதில்லை. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது என்பது ஒன்றுதான் அவரிடம் உள்ள கெட்ட பழக்கம். போன வருடம் ஒரு நாள் அவர் பட்டறைக்கு வந்து, “மச்சான், வீட்டுல சின்னச் சின்ன வேலைக்கு நானே ஒரு மெஷின் வாங்கலாம்னு இருக்கேன். எது வாங்கலாம்?” என்று கேட்டார்.

“எதுக்கு மாப்ள?”

அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் ஓடியது. பூந்தொட்டி ஸ்டாண்டு என்றால் இது, கேட் கொக்கி என்றால் அது, எவர்சில்வர் என்றால் இரண்டும் வேண்டாம், வீட்டு மின்சாரம் தாங்குமா, பக்கத்தில் துணி காயுமா, ஜன்னலில் திரை இருக்கிறதா என்று எதுக்கண்ணன் அடுக்கிக்கொண்டே போனார். மாப்பிள்ளையும் விடவில்லை. மின்னோட்டம், வெப்பம், உருகுநிலை என்று எதிர்ப் பாட்டு பாடினார். கடைசியில் மாப்பிள்ளை வாங்கிக்கொண்டு போனது ஒரு டப்பா ஒட்டுப் பசை.

“வாத்தியாருக்கும் உங்களுக்கும் நடுவுல மாட்டின இரும்புக்கு வாய் இருந்தா அழுதிருக்கும்” என்றார் மனைவி.

இந்த வருடம் தங்கை வீட்டின் மேல்மாடி கட்டி முடிந்தது. முன்பக்கம் நீளமான ஒரு பால்கனி. அதற்குக் கம்பித் தடுப்பு போட வேண்டும். தரையில் போல்ட் போட்டு இறுக்கிய எட்டு அடித்தகடுகள், அவற்றின்மேல் எட்டு இரும்புக் கால்கள், மேலே ஒரு கைப்பிடி. வேறு யார் செய்வார்கள்? அண்ணன் இருக்கிறாரே.

“அண்ணா, கருப்புக் கசடு, பொறி பட்ட புள்ளி, இதெல்லாம் வேணாம். புதுத் தரை. வழவழன்னு இருக்கணும்” என்றாள் தங்கை.

எதுக்கண்ணன் மூன்று நாள் யோசித்தார். பால்கனி என்றால் ராடுதான் சரி. ஆனால் தங்கை வழவழப்பு கேட்கிறாள். சிஓடூ என்றால் காற்று வரக்கூடாது. மூன்று நாளும் காலையும் மதியமும் அந்தப் பால்கனியில் போய் நின்று, ஒரு நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரர்கள் அவரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். நூல் அசையவில்லை. எதிரில் உயரமான கட்டடம் காற்றை மறித்துக்கொண்டு நிற்கிறது. சரி, சிஓடூ.

முடிவு சரியான முடிவு. இதை எங்கே வேண்டுமானாலும் நான் சாட்சி சொல்வேன். காலையில் ஐந்து கால்கள் போட்டார். ஐந்தும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தன.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அன்பு குறுக்கே வந்தது. மச்சான் வேர்த்து ஒழுகுவதைப் பார்த்த மாப்பிள்ளை, கீழே கூடத்திலிருந்து நிற்கும் மின்விசிறியைத் தானே தூக்கிக்கொண்டு மாடியேறி, எதுக்கண்ணனின் முதுகுக்குப் பின்னால் வைத்து, மூன்றாம் எண்ணில் சுழலவிட்டார்.

“வேணாம் மாப்ள.”

“என்ன மச்சான், எங்க வீட்டுல வந்து வேர்த்துக்கிட்டு வேலை செஞ்சா எனக்கு எப்படி இருக்கும்? சும்மா இருங்க.”

கேட் வாங்க வந்தவரிடம் நாற்பது கேள்வி கேட்கும் மனிதர், மாப்பிள்ளை கொண்டுவந்து வைத்த விசிறியை “எதுக்கு?” என்று கேட்கவில்லை. தங்கையைக் கட்டிக்கொடுத்த வீட்டில், மாப்பிள்ளை கையால் தூக்கிவந்த ஒன்றைத் திருப்பி அனுப்பும் வாய் அவருக்குக் கிடையாது. ஒருமுறை மெல்ல எழுந்து விசிறியின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். மாப்பிள்ளை அதைவிட மெல்ல எழுந்து மச்சான் பக்கம் திருப்பினார். மரியாதைக்கு மரியாதை. நடுவில் வாயு என்ன பாடுபட்டது என்று யாரும் பார்க்கவில்லை.

ஆறாவது காலில் சத்தம் மாறியது. நன்றாகப் போகும் சிஓடூ ஒரே சீராகப் பொரியும். இது விக்கியது. காதுக்குக் கேட்டது. ஆனால் மாப்பிள்ளை, உலோகம் குளிரும்போது சுருங்குவது ஏன் என்பதைப் பழச்சாற்று டம்ளரோடு விளக்கிக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தினால் மரியாதையாக இருக்காது. ஏழிலும் எட்டிலும் அதே விக்கல். தேய்த்துப் பார்த்தபோது மூன்றிலும் ஊசி குத்தியதுபோல் நாலைந்து புள்ளிகள் தெரிந்தன. கிரைண்டரால் வழவழப்பாக்கி, பொத்தல் தெரியாமல் பட்டி பூசி, பிரைமர் அடித்தார்கள். தங்கை கையால் தடவிப் பார்த்து, “கண்ணாடி மாதிரி இருக்குண்ணா” என்றாள்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டறையில் அப்போதுதான் சிஓடூவில் ஒட்டிய ஒரு மேசைச் சட்டம் அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. விழுந்த வேகத்தில் ஒரு மூலை பிய்ந்துகொண்டது. எடுத்துப் பார்த்தார். உடைந்த இடம் முழுக்கச் சின்னச் சின்னப் பொத்தல்கள். நிமிர்ந்து பார்த்தார். தலைக்குமேல் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

“நான்தான் போட்டேன். வேக்காடு தாங்கல” என்றார் மனைவி.

எதுக்கண்ணன் எட்டி விசிறியை அணைத்தார். கையில் இருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டூலைத் தேடாமலே உட்காரப் போனார். நல்லவேளையாக அங்கே ஒரு பெயிண்ட் டப்பா இருந்தது.

“ஏங்க, என்ன?”

“மூணு கால்.”

“எந்த மூணு கால்?”

“மாப்பிள்ளை வீட்டுல. ஓரத்து மூணும். விசிறி வெச்சாரு.”

மனைவிக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அன்றுதான் மாப்பிள்ளையின் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் மொத்தமும் புது மாடியைப் பார்க்க வருகிறார்கள். பதினொரு மணிக்கு. இப்போது பதினொன்றே கால். எதுக்கண்ணன் தங்கைக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்கு அடித்தார். எடுக்கவில்லை. விருந்தாளிகள் வந்த வீட்டில் போனை யார் தேடுவார்கள்?

ராடு மெஷின்களில் கையில் தூக்கிக்கொண்டு போகும் சின்ன வகை ஒன்று உண்டு; அவருடையது அந்த வகைதான். அதை மடியில் வைத்துக்கொண்டு, தோளில் வயரைப் போட்டுக்கொண்டு, ராடு பாக்கெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மனைவி ஓட்ட, எதுக்கண்ணன் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினார்.

“உனக்கு அன்னைக்கே தெரியும், இல்ல?” என்றார் மனைவி, போகிற வழியில். கோபத்தில் ‘நீங்க’ காணாமல் போயிருந்தது.

“தெரியும்… ஆனா தெரிஞ்ச மாதிரி தெரியல.”

“அந்தக் காலைப் பிடிச்சுக்கிட்டு உன் தங்கச்சி எட்டிப் பார்த்தா?”

“பேசாம ஓட்டேன்.”

“பன்னெண்டு நாளா பேசாமத்தானே இருந்தே. அதான் இப்ப பறக்குறோம்.”

“சிக்னல், சிக்னல்! நாம போய்ச் சேர்ந்தாத்தான் அவங்கள காப்பாத்த முடியும்.”

போய்ச் சேர்ந்தபோது பால்கனி நிரம்பியிருந்தது. ஓரத்து மூலையிலிருந்து பார்த்தால் பூங்கா தெரியும். அதனால் எல்லோரும் அந்த மூலையில்தான் நின்றார்கள். தலைமையாசிரியை கைப்பிடியில் முழங்கையை ஊன்றி, டம்ளரோடு, பூங்காவைப் பற்றித் தன் கருத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எடையுள்ள மனிதர், பதவியிலும் சரி, மற்றபடியும் சரி. அவருக்குப் பக்கத்தில் கணக்கு வாத்தியார், கைப்பிடியில் முதுகைச் சாய்த்து, ஒரு காலைத் தூக்கி ஏழாவது காலின்மேல் வைத்திருந்தார். தங்கை எட்டாவது காலைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்து, “அண்ணா! அண்ணியுமா! வாங்க, மேல வாங்க!” என்று கையசைத்தாள்.

எதுக்கண்ணன் படிகளை மூன்று மூன்றாகத் தாவினார். மேலே போய்ச் சேர்ந்ததும் மூச்சு இரைத்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கேவலத்தைச் சொல்லாமல் காரியத்தை முடிக்க ஒரு முயற்சி செய்தார்.

“எல்லாரும்… கீழ போலாமே. கீழ நல்லா இருக்கு.”

“இப்பதானே சார் மேல வந்தோம்?” என்றார் கணக்கு வாத்தியார், காலை எடுக்காமல்.

“கீழ… டீ இருக்கு.”

“டீயெல்லாம் ஆச்சு மச்சான்” என்றார் மாப்பிள்ளை. “இவர்தான் என் மச்சான். இந்தக் கம்பி வேலை முழுக்க இவர் கைதான். தொட்டுப் பாருங்க மேடம், எங்கயாவது ஒட்டு தெரியுதா?”

தலைமையாசிரியை தொட்டுப் பார்க்க இன்னும் கொஞ்சம் வெளியே குனிந்தார்.

“தொடாதீங்க!” என்று எதுக்கண்ணன் போட்ட சத்தம் பூங்கா வரைக்கும் கேட்டிருக்கும். “அந்த மூணு காலும் நிக்காது. நான் சரியா போடல. உள்ள வாங்க எல்லாரும்!”

ஒரு நொடி யாரும் அசையவில்லை. படித்தவர்கள் கூடிய இடத்தில் ஒரு விஷயம் புரிவதற்கும் கால் நகர்வதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். தலைமையாசிரியைதான் முதலில் நிமிர்ந்தார். முப்பது வருடம் மணியடித்துப் பழகிய குரலில், “எல்லாரும் தள்ளாம, ஒருத்தர் பின்னால ஒருத்தரா உள்ள போங்க” என்றார். அத்தனை ஆசிரியர்களும் வரிசையாக உள்ளே போனார்கள். கணக்கு வாத்தியார் மட்டும் வரிசையை வெட்டி முன்னே ஓடினார்.

தங்கை வந்து அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

எதுக்கண்ணன் சுத்தியலை எடுத்தார். முதல் காலின் அடியில் ஐந்து அடி, ஓங்கி. கணீரென்றது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. எல்லாம் கணீர். வாசலுக்குள் நின்ற கூட்டம் ஒவ்வொரு கணீருக்கும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. ஆறாவது ‘டப்’ என்றது. நாலாவது அடியில் பிரைமர் பூச்சில் முடிபோல ஒரு கோடு ஓடியது. ஏழாவதிலும் அதே. எட்டாவது இரண்டாவது அடியிலேயே அடித்தகட்டை விட்டு விலகி, கைப்பிடியில் தொங்கிக்கொண்டு ஆடியது.

உடைந்த இடத்தை எல்லோரும் பார்த்தார்கள். பொத்தல் பொத்தலாக, தேன்கூடு.

“இதுலதான் தினம் ஈரப் போர்வை போட்டேன்” என்றாள் தங்கை மெதுவாக. எட்டாவது காலுக்கு மேலே, கைப்பிடியில், அவள் துணி கிளிப்புகள் ஐந்தாறு அப்படியே வரிசையாக இருந்தன.

பன்னிரண்டு நாள் அந்த மூன்று காலும் ஒரு வேலையும் செய்யவில்லை. மற்ற ஐந்தும் சேர்ந்து அவற்றையும் தூக்கிச் சுமந்துகொண்டு நின்றிருக்கின்றன. எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான். ஆனால் இன்றைய கூட்டம் இன்னும் அரைமணி நேரம் அந்த மூலையிலேயே நின்றிருந்தால், ஐந்தும் எவ்வளவு நேரத்துக்குத்தான் முட்டுக்கொடுக்கும்?

எதுக்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, “என் தப்புதான். அன்னைக்கே புள்ளி தெரிஞ்சுது. பட்டி பூசிட்டேன்” என்றார்.

மாப்பிள்ளை உடைந்த முனையைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு பாடமே ஓடியது. “காத்து” என்றார். “வாயுவைக் காத்து அடிச்சுட்டுப் போயிருக்கு. ஆனா அன்னைக்குக் காத்தே இல்லையே… அய்யய்யோ.” திரும்பி எல்லோரையும் பார்த்தார். “விசிறிய நான்தான் வெச்சேன். இவர் திருப்பினாரு. நான் மறுபடி திருப்பினேன்.”

“நீங்க இயற்பியல் வாத்தியார்தானே?” என்றார் தலைமையாசிரியை.

“ஆமாம் மேடம்.”

“நாளைக்கு வந்து என்னைப் பாருங்க” என்றார் அவர். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்துவிட்டார். அதன்பிறகுதான் அந்த வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

“ஏன் மச்சான் அப்பவே சொல்லல? வாயத் திறந்து ‘எடுங்க அதை’ன்னு ஒரு வார்த்தை?”

“நீங்க தூக்கிட்டு வந்தீங்களே மாப்ள.”

“நல்ல மச்சான், நல்ல மாப்பிள்ளை!” என்றார் மனைவி, வயரைப் பிரித்துக்கொண்டே. “ரெண்டு பேரும் மரியாதை கொடுத்துக் கொடுத்தே மத்தவங்கள மாடியிலேருந்து தள்ளியிருப்பீங்க. தம்பி, பிளக் எங்க இருக்கு?”

பிறகு நடந்தது வேலை. பழைய வெல்டு முழுவதையும் மனைவி அறுத்து எடுத்தார். எதுக்கண்ணன் ராடை மாட்டினார். புகை வந்தது, பொறி பறந்தது, புதுத் தரையில் ஈரச் சாக்கை விரித்தும் நாலு இடத்தில் கருப்புப் புள்ளி விழுந்தது. தங்கை இன்னொரு சாக்கை நனைத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கெட்டுவிடும் என்று மாப்பிள்ளை எச்சரித்ததும், தலைமையாசிரியை உத்தரவு போட்டு, பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் அத்தனை பேரும் கூடத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். அவர்களை அந்தக் கோலத்தில் பார்க்க அவர்களின் மாணவர்கள் யாரும் அங்கே இல்லாமல் போனது பெரிய அநியாயம்.

மூன்று கால்களும் முடிந்தன. “அந்த அஞ்சையும் ஒரு சுத்து சுத்துங்க. மனசுக்கு” என்றார் மனைவி. ‘நீங்க’ திரும்பி வந்துவிட்டது. ஐந்தையும் சுற்றினார். கசடைத் தட்டினார். அடியில் எறும்புக் கூட்டம் அணிவகுத்ததுபோல் வெல்டு வரிசை தெரிந்தது. கிரைண்டரை எடுத்தபோது தங்கை தடுத்தாள்.

“தேய்க்காதண்ணா. எனக்குத் தெரியணும்.”

சுத்தியல் எட்டு இடத்திலும் கணீரென்றது. மச்சானும் மாப்பிள்ளையும் தோளைக் கொடுத்து வெளிப்பக்கமாகத் தள்ளினார்கள். கணக்கு வாத்தியாரையும் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னார்கள். அவர் உள்ளே இருந்தபடியே, தான் நம்புவதாகச் சொல்லிவிட்டார். தலைமையாசிரியை வந்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து, தன் முழுப் பதவியோடும் சாய்ந்தார். கம்பி இம்மியும் அசையவில்லை.

“ம். பூங்கா நல்லாத்தான் தெரியுது” என்றார்.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் எதுக்கண்ணனைக் காணவில்லை என்று தெரிந்தது. தங்கை வெளியே வந்து பார்த்தாள். மாப்பிள்ளையும் அவள் பின்னால் வந்தார். பால்கனித் தரையில், கருப்புப் புள்ளிகளுக்கு நடுவே, காலை நீட்டி, எட்டாவது காலில் முதுகு முழுவதையும் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மார்பு சீராக ஏறி இறங்கியது. அவருக்குப் பின்னால் ஒரு மாடி உயரத்துக்கு வெறும் வெளி.

“மச்சானை எழுப்பட்டுமா? சாப்பாடு ஆறிடும்.”

வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

“விடுங்க தம்பி, தூங்கட்டும். காலையிலேருந்து பத்துப் பதினஞ்சு தடவ செத்துப் பிழைச்சிருக்காரு.”